திருவாரூருக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் திருவாரூர். வேலைக்காக வெளியூரில் இருந்தாலும், டெல்டாப் பக்கம் போகத் திட்டம் போடும் நண்பர்கள், அலுவலகத்துக்காரர்கள், அவர்களுடைய உறவினர்கள் என்று மாதம் இரண்டு பேராவது போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். தஞ்சாவூர், கும்பகோணம் பற்றிப் படிக்க நிறைய இருக்கிறது. இந்த ஊரை வேளாங்கண்ணிக்கோ திருநள்ளாற்றுக்கோ போகிற வழியில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அது எனக்கு எப்போதும் ஒரு வருத்தம்.

திருவாரூர், திருவள்ளூர், திருவையாறு… எது எதுன்னே குழம்புது. தியாகராஜர் ஆராதனை நடக்கிறது உங்க ஊர்தானே?

இல்லை. திருவள்ளூர் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருவையாறு தஞ்சாவூரை ஒட்டிக் காவிரிக் கரையில் உள்ள ஊர். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான தியாகராஜ சுவாமிகளின் சமாதி அங்கேதான், ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டி நடக்கும் ஆராதனையும் அங்கேதான். திருவாரூர் அங்கிருந்து கிழக்கே, கடலுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறது. 1997இல் உருவான திருவாரூர் மாவட்டத்தின் தலைநகர்.

எங்கள் ஊர்த் தியாகராஜர் கோயிலில் இருக்கும் இறைவன். அந்தப் பெயரைத்தான் சுவாமிகளுக்கு வைத்தார்கள். அவர் 1767இல் திருவாரூரில் பிறந்தவர் என்பது மரபு. மற்ற இருவரான சியாமா சாஸ்திரிகளும் (1762) முத்துசுவாமி தீட்சிதரும் (1775) இதே ஊரில் பிறந்தவர்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்குள், ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில், மூன்று பேர்! மூவரின் பிறந்த இடங்களும் நினைவிடங்களாக இருக்கின்றன. பாட்டு கேட்கிற பழக்கம் உள்ளவர்கள் அந்தத் தெருக்களில் ஒரு காலை நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

எப்படி வர்றது? விமானம் ஏதாவது உண்டா?

ரயில்தான் நல்லது. திருவாரூர் சந்திப்பிலிருந்து நான்கு பக்கமும் பாதை பிரிகிறது. வடக்கே மயிலாடுதுறை, மேற்கே தஞ்சாவூர், கிழக்கே நாகப்பட்டினம், தெற்கே திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடி. சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் விடியலில் இறங்கிவிடலாம். அருகில் உள்ள விமான நிலையம் திருச்சி. அங்கிருந்து தஞ்சாவூர் வழியாகச் சாலையில் வர இரண்டரை, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்து என்றால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் எல்லா ஊர்களிலிருந்தும் அடிக்கடி வண்டி உண்டு. நாகை 25 கிலோமீட்டர், கும்பகோணமும் மயிலாடுதுறையும் ஏறத்தாழ 40. ஊரில் பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம் என்று இரண்டு இருப்பதால், திரும்பும் வண்டி எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எத்தனை நாள் ஒதுக்கணும்? அரை நாள் போதும்னு சொல்றாங்களே.

இரண்டு ராத்திரி. குறைந்தது ஒன்று. இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்த ஊர் தன்னைக் காட்டுவது விடியற்காலையிலும் சாயங்காலத்திலும்தான். சுற்றுலா வேன்கள் வருவதோ காலை பதினொரு மணிக்கு. கோயில் நடை சுமார் 12 மணிக்குச் சாத்தினால் மறுபடி திறக்க 4 ஆகிவிடும். அவசரமாக ஓடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வெயிலில் சுடும் கல்லில் காலைப் பொத்திக்கொண்டு, ‘பெரிய கோயில்தான்’ என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் திருவாரூரைப் பார்க்கவே இல்லை.

எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்?

ஜனவரி, பிப்ரவரி. வெயில் இதமாக இருக்கும். சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். பொங்கலுக்கு முன்னால் வந்தால் ஊரைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் கதிர் சாய்ந்த வயல்தான். பறவைகளுக்கும் அதுதான் காலம்.

ஆகஸ்ட், செப்டம்பரும் எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் புழுக்கம் இருந்தாலும் வாய்க்காலெல்லாம் தண்ணீர் ஓடும், நடவு நடக்கும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அடைமழை பிடித்தால் நாள்கணக்கில் விடாது. புயல் சின்னம் என்று அறிவிப்பு வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மாவட்டத்தின் தெற்குப் பகுதியில் தென்னந்தோப்புகளை எப்படிச் சாய்த்தது என்று பார்த்தவர்கள் அந்த அறிவிப்பை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏப்ரல், மே கடும் வெயில். ஆனால் திருவிழாக்காரர்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதைக் கீழே தேர் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ஆறு எங்கங்க? பாலத்துல போனோம், கீழே மணலும் கோரையும்தான் இருந்துச்சு. இதுவா டெல்டா?

நீங்கள் வந்தது மார்ச்சாகவோ மே மாதமாகவோ இருந்திருக்கும். ஊருக்குள் ஓடுவது ஓடம்போக்கி ஆறு. பெயரிலேயே ஓடம் இருக்கிறது. ஆனால் இங்கே ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்பதை முடிவு செய்வது மேட்டூர் அணை. அணையில் போதுமான நீர் இருந்தால் ஜூன் 12 திறந்து, ஜனவரி 28 மூடுவது வழக்கம். மேட்டூரிலிருந்து கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாள் ஆகும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பாசனத்துக்குப் பிரித்துவிடுவார்கள். வெள்ளமாக வரும் உபரி கொள்ளிடத்துக்குப் போகும்.

நம் பக்கம் வருவது வெண்ணாற்றுப் பங்கு. அது போகப் போகப் பிரிந்துகொண்டே இருக்கும். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு என்ற இடத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிவதை நேரில் பார்க்கலாம். ஒரே தண்ணீர் மூன்று மதகு வழியாக மூன்று ஊர்ப்பக்கம் போகிறது. டெல்டா என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. மற்ற இடங்களில் கிளையாறுகள் வந்து பேராற்றில் சேரும். இங்கே பேராறு உடைந்து உடைந்து கடைசியில் ஒரு வயலின் மடைவாயில் முடிகிறது.

அந்தக் கடைசி வயல்களைத்தான் கடைமடை என்கிறோம். ‘கடைமடைக்குத் தண்ணி வந்துடுச்சா?’ என்பது எங்கள் பக்கம் ஜூலையில் எல்லோர் வாயிலும் வரும் கேள்வி. முதல் தண்ணீர் காய்ந்த ஆற்றில் நுரையும் சருகுமாக உருண்டு வரும்போது பூத்தூவி வரவேற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நாளில் நீங்கள் ஊரில் இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போங்கள்.

குறுவை, சம்பா, தாளடின்னு சொல்றாங்களே, எதை எப்போ பார்க்கலாம்?

குறுவை என்பது ஜூனில் தொடங்கி நாலு மாதத்துக்குள் முடியும் குறுகிய காலப் பயிர். சம்பா ஆகஸ்டையொட்டித் தொடங்கி ஜனவரியில் அறுவடைக்கு வரும். குறுவை அறுத்த வயலிலேயே மறுபடி நடுவது தாளடி. மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால் குறுவைதான் முதலில் அடிபடும்.

அறுவடைக் காலத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிராமத்துச் சாலைகளில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள், ஓரமாக மெதுவாகப் போங்கள். கொள்முதல் நிலைய வாசலில் ஈரப்பதம் குறையட்டும் என்று வெயிலுக்குக் காத்திருக்கிற நெல் அது.

கோயிலைச் சரியாகப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? எங்கே ஆரம்பிக்கணும்?

‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி’ என்பது பழைய வழக்கு. ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் கோயில் மட்டும் 33 ஏக்கர் வருகிறது. ஒரே நடையில் முடியாது. ஒரு மாலை, ஒரு காலை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் மூலவர்களைப் பாருங்கள். இங்கே முதன்மையான சந்நிதிகள் இரண்டு. பழையவர் புற்றிடங்கொண்டார் என்கிற வன்மீகநாதர். பக்கத்திலேயே தியாகராஜர், அதாவது வீதிவிடங்கர். தியாகராஜரின் முகத்தை மட்டும்தான் பார்க்க முடியும், மற்றதெல்லாம் துணியும் மலரும் மூடியிருக்கும். பாத தரிசனம் மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும் மட்டும். மற்றச் சிவன் கோயில்களில் படுத்திருக்கும் நந்தி இங்கே தியாகராஜர் முன்னால் நிற்கிறது. நவகிரகங்கள் வேறு ஊர்களில் ஒன்றையொன்று பார்க்காமல் ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கும், இங்கே நேர்வரிசையில் நிற்கின்றன.

காலையில் பிராகாரத்தைச் சுற்றுங்கள். கமலாம்பாள் சந்நிதி (தீட்சிதரின் கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகள் இவள்மேல் பாடப்பட்டவை), செம்பியன் மாதேவி கல்லால் கட்டுவித்த அரநெறி என்னும் அசலேசுவரர் கோயில், எல்லாம் நிதானமாகப் பார்க்க வேண்டியவை. தியாகராஜர் கோயிலைக் கற்றளியாக்கியது, அதாவது கல்லால் கட்டியது, முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில். அவனும் அவன் அணுக்கியாரான (நெருங்கிய துணைவியான) பரவை நங்கையாரும் சேர்ந்து நின்ற இடத்தில் ஒரு குத்துவிளக்கு வைக்கச் சொல்கிறது அங்குள்ள கல்வெட்டு. கங்கை வரை படை அனுப்பிய அரசன், தான் நின்ற இடத்தில் ஒரு விளக்கு எரிந்தால் போதும் என்று நினைத்திருக்கிறான். எனக்கு அந்தக் கோயிலில் மிகவும் பிடித்த செய்தி அதுதான்.

சாயரட்சை பூஜையை விடாதீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அதில் அப்படி என்ன?

மாலை 6 மணியையொட்டி நடக்கும் பூஜை. அந்த நேரத்தில் தேவர்கள் எல்லோரும் இங்கே வந்துவிடுகிறார்கள் என்பது நம்பிக்கை. நம்பிக்கை இல்லாதவர்களும் ஒலிக்காக வரலாம். ஐந்து முகங்கள் கொண்ட பஞ்சமுக வாத்தியம், பாரி நாயனம், கொடுகொட்டி என்று வேறெங்கும் எளிதில் கேட்க முடியாத கருவிகள் இந்தக் கோயில் மரபில் இருக்கின்றன. எல்லா நாளும் எல்லாம் வாசிக்க மாட்டார்கள். அன்றைக்கு என்ன உண்டு என்று கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தரைக்கே போய் உட்கார்ந்துவிடுவது நல்லது.

ஓவியங்கள் இருக்குன்னு கேள்விப்பட்டேன். நாங்க போனப்போ யாருமே காட்டலையே?

தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் இருக்கின்றன. ஆயிரங்கால் மண்டபம் என்று கேட்டால் வழி காட்டுவார்கள். மண்டபம் பூட்டியிருந்தால் அலுவலகத்தில் விவரம் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போது போங்கள், நேரம் தாழ்ந்தால் ஒன்றும் தெரியாது.

17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகராஜரைப் பெற்றுவந்த கதை அது. தர மனமில்லாத இந்திரன் அதே போல ஆறு உருவங்கள் செய்து, ஏழையும் வைத்து எது உண்மையானது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறான். முசுகுந்தன் சரியாகச் சொல்லிவிட, ஏழையும் கொடுத்தனுப்புகிறான். படத்துக்குப் படம் கீழே தமிழில் எழுதியிருக்கும். அண்ணாந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம். ஊர்வலம், வாணவேடிக்கை, வாத்தியக்காரர்கள், அக்காலத்து உடைகள் எல்லாம் அதில் உண்டு. சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடியதும் இந்த மண்டபத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் செய்திதான். அறுபத்துமூவர் வரலாற்றுக்கே தொடக்கம் அந்தப் பதிகம்.

குளத்துல என்ன இருக்கு பார்க்க?

கோயிலுக்கு மேற்கே கமலாலயம். கோயில் பக்கத்துக் கரையில் சாயங்காலம் உட்கார்ந்தால் எதிரே தண்ணீருக்கு மேல் சூரியன் இறங்கும். நடுவில் தீவு மாதிரி நாகநாதர் கோயில், படகில் போய்வரலாம். படகு ஓடுகிறதா என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது.

சின்ன வயதில் பாட்டி இந்தப் படியில் உட்காரவைத்துத் தண்டியடிகள் கதை சொல்வாள். பார்வை இல்லாத அவர், குளம் தூர்ந்து குறுகிப்போவதைப் பொறுக்காமல், ஒரு கயிற்றைக் கட்டி அதைத் தடவிக்கொண்டே மண்ணை வெட்டிச் சுமந்தாராம். இன்னொருவர் நமிநந்தியடிகள். விளக்குக்கு நெய் தர மறுத்தவர்கள் முன்னால் இந்தக் குளத்துத் தண்ணீரை ஊற்றியே விளக்கெரித்தவர். நாயன்மார் கதைகளில்கூட இந்த ஊரில் தண்ணீர்தான் முன்னால் வந்து நிற்கிறது. ஆறு பற்றிச் சொன்னேனே, அதோடு சேர்த்துப் பாருங்கள்.

படிகளில் பாசி வழுக்கும், ஆழம் அதிகம். பிள்ளைகளை ஒரு கை பிடித்தபடியே வைத்திருங்கள்.

ஆழித்தேர் எப்போ? அன்னைக்கு வந்தா தங்க இடம் கிடைக்குமா?

பங்குனி மாதத்தில் ஆயில்ய நட்சத்திரத்தன்று. ஆங்கிலத் தேதி மார்ச் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் முதல் பாதிக்குள் மாறும், 2024இல் மார்ச் 21 வந்தது. பஞ்சாங்கம் பார்த்துவிட்டு அறிவிப்பையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மூங்கில் கட்டி, தேர்ச்சீலை சுற்றி அலங்கரித்த பிறகு உயரம் 96 அடி, எடை ஏறத்தாழ 300 டன். அப்பர் பாட்டிலேயே ஆழித்தேர் வருகிறது. பழைய தேர் 1920களில் தீயில் எரிந்துபோய், புதிதாகச் செய்தது இப்போது இருப்பது. இடையில் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று 1970இல் மறுபடி ஓடியது.

‘திருவாரூர் தேரழகு’ என்று பழமொழி சொல்கிறது. ஆனால் எனக்கு அந்த அழகு தெரிவது திருப்பத்தில்தான். நேர்வீதியில் வடம் பிடித்து ‘ஆரூரா, தியாகேசா’ என்று இழுத்துக்கொண்டு வருவார்கள், பின்னாலிருந்து புல்டோசர் தள்ளும். வீதி முனை வந்ததும் எல்லாம் நின்றுவிடும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துக் கொடுத்து, அந்த மலையை அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். சக்கரத்துக்கு அருகில் குனிந்து நிற்கும் அந்த ஆட்களின் துணிச்சலும் கணக்கும் இல்லாமல் தேர் இல்லை. திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகு வேலை எளிதாகியிருக்கிறது. முன்பெல்லாம் நிலைக்கு வர நாள்கணக்கில் ஆகும். இப்போது பெரும்பாலும் அன்று மாலைக்குள் வந்துவிடும்.

ஊருக்குள் அறை கிடைப்பது கஷ்டம். நாகப்பட்டினம், கும்பகோணம், மயிலாடுதுறையில் தங்கி விடிகாலையில் ரயிலில் வந்துவிடுங்கள். சொந்த வண்டி வேண்டாம். வயதானவர்களோடு வந்தால் தேர் நாளை விட்டு அதற்கு முன்போ பின்போ வாருங்கள். மே மாதத்தையொட்டிக் கமலாலயத்தில் மூன்று இரவு தெப்பம் உண்டு. படியில் உட்கார்ந்தே பார்க்கலாம், நெரிசல் கொஞ்சம் தாங்கும்.

சாதாரண நாள்ல எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம்?

ரயில் நிலையம், பழைய பேருந்து நிலையம் சுற்றி நடுத்தர லாட்ஜ்கள் இருக்கின்றன. சொகுசு எதிர்பார்க்கிறவர்கள் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ தங்குவதே மேல். கொசு விரட்டி எதையாவது பையில் வையுங்கள். வயலும் குளமும் சூழ்ந்த ஊர்.

சாப்பாட்டுக்குப் பெயர்பெற்ற ஒரே பண்டம் என்று சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. ஆனால் சாதாரணச் சாப்பாடு நன்றாக இருக்கும். காலையில் சூடான இட்லி, டிகிரி காபி. மீன் சாப்பிடுகிறவர்கள் மெஸ்களில் ஆற்று மீன், குளத்து மீன் இருக்கிறதா என்று கேளுங்கள். விரால், கெண்டை, கெளுத்திக் குழம்பு கிடைத்தால் உங்கள் நல்ல நேரம்.

பாரம்பரிய அரிசி வாங்க ஆசைப்படுகிறவர்களுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வரலாறு உண்டு. ‘நெல்’ ஜெயராமன் (மறைவு: 2018) மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற ரகங்களைத் தேடிச் சேர்த்து, நெல் திருவிழா நடத்தி விவசாயிகளுக்கு விதை கொடுத்து, விளைந்ததும் இரட்டிப்பாகத் திருப்பி வாங்கிப் பரப்பினார். வாங்கும்போது எந்த ஊரில் விளைந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

ஏழு விடங்கத் தலத்தையும் ஒரே நாள்ல முடிக்க முடியுமா?

கார் இருந்தால் முடியும். ஆனால் முடிக்காதீர்கள். மேலே ஓவியக் கதையில் சொன்ன ஏழு தியாகராஜர்களும் திருவாரூர், திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம் ஆகிய ஊர்களில் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நடனம். நாகையில் கடலலை மாதிரி, குவளையில் வண்டு மாதிரி, காறாயிலில் கோழி மாதிரி, வாய்மூரில் தாமரை அசைவது மாதிரி, வேதாரண்யத்தில் அன்னம் மாதிரி. திருவாரூரில் அஜபா நடனம், மூச்சின் ஏற்ற இறக்கம். டெல்டாவில் கண்ணில் படுகிற அசைவையெல்லாம் சாமிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

வடக்கே திருநள்ளாறு, தெற்கு ஓரத்தில் வேதாரண்யம், நடுவில் மதியம் நடை சாத்தும் நேரம். முதல் நாள் வடக்கும் நாகையும், மறுநாள் தெற்கே உள்ள நான்கும் என்று பிரித்துக்கொண்டால் வழியில் இறங்கி ஒரு மதகைப் பார்க்கவும், ஓர் இளநீர் குடிக்கவும் நேரம் இருக்கும். திருக்குவளை கலைஞர் கருணாநிதி 1924இல் பிறந்த ஊரும்கூட. அவர் பள்ளிக்கூடம் படித்தது திருவாரூரில். 2023இல் திறந்த கலைஞர் கோட்டம் ஊரை ஒட்டியுள்ள காட்டூரில் இருக்கிறது.

அலையாத்திக் காட்டுக்கும் பறவை பார்க்கவும் திருவாரூர்லேர்ந்தே போய்ட்டு வரலாமா?

வரலாம், ஆனால் தனித்தனி நாள். முத்துப்பேட்டை திருத்துறைப்பூண்டி வழியாக 50 கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டின் பெரிய அலையாத்திக் காடு அது. மூணாறு தலைப்பில் பிரிந்ததாகச் சொன்ன கோரையாறும் பாமணியாறும் வந்து கடலோடு கலப்பது இங்கேதான். இரண்டு இடத்தையும் ஒரே பயணத்தில் பார்த்தால் ஆற்றின் கதை முழுதாகக் கையில் கிடைத்த மாதிரி இருக்கும். படகுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். முதல் நாளே பேசி வைத்துக்கொண்டு விடியலில் கிளம்புங்கள், தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பறவைகளுக்கு வடுவூர் ஏரி (மன்னார்குடி–தஞ்சாவூர் சாலையில்), அல்லது முத்துப்பேட்டைப் பக்கம் உதயமார்த்தாண்டபுரம். இரண்டும் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டால் பறவையும் இருக்காது. மேட்டூர் கணக்கு இங்கேயும் வந்துவிடுகிறது.

எங்களுக்குக் கோயிலில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. வெறும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஊரில் எப்படிப் பார்ப்பார்கள்?

நன்றாகவே பார்ப்பார்கள். தெருவில் நின்று வழி கேட்டால் கூடவே நடந்துவந்து விடுகிற ஊர் இது. ‘எந்த ஊரு, யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?’ என்று கேட்பார்கள். துருவுவதாக நினைக்காதீர்கள், அது இங்கே வணக்கம் சொல்கிற மாதிரி. கோயிலுக்குள் உடை மட்டும் கவனம். சந்நிதிப் பக்கம் போனை எடுக்காதீர்கள். வெளிப்பிராகாரத்தில் படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். கீழ வீதிப் பக்கம் மனுநீதிச் சோழன் கல்தேர் இருக்கிறது, அதைப் பார்க்க யாரையும் கேட்க வேண்டாம்.

வயலில் நடவு செய்கிற பெண்களைப் படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். வரப்பில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, சம்மதம் கேட்டு எடுங்கள். சேற்றில் குனிந்து நிற்பவரைப் பின்னாலிருந்து எடுக்கும் படம் எனக்குப் பார்க்கப் பிடிப்பதில்லை.

வெண்மணி அங்கேயிருந்து பக்கம்தானே? குடும்பத்தோடு போகிற பயணத்தில் அங்கே போகலாமா, கூடாதா?

போகலாம். போக வேண்டும் என்றே சொல்வேன். கீழ்வெண்மணி இப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில், திருவாரூரிலிருந்து நாகை போகும் வழியில் உள்ள கீழ்வேளூர்ப் பக்கம் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நாம் ரசித்துப் பார்க்கும் இந்தப் பச்சை வயல்களில் யார் உழைத்தார்கள், அவர்களுக்கு அரைப்படி நெல் கூடுதலாகக் கொடுக்க எப்படி மறுத்தார்கள் என்பதும் டெல்டாவின் வரலாறுதான். கோயில், தேர், சங்கீதம் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் நான் பாதி ஊரை மறைத்தவன் ஆவேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு எந்த அளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராகப் போங்கள். அங்கே இருப்பது நினைவிடம், சுற்றிலும் இன்றைக்கும் மக்கள் குடியிருக்கும் கிராமம். சுற்றுலாத் தலம் மாதிரி நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடம் இல்லை. டிசம்பர் 25 அன்று அஞ்சலி செலுத்தப் பல ஊர்களிலிருந்து கூட்டம் வரும். மற்ற நாள்களில் பெரும்பாலும் ஆள் நடமாட்டம் குறைவு. கீழ்வேளூரில் இறங்கி ஆட்டோவில் ‘வெண்மணி’ என்று சொன்னால் போதும்.